ஆஸ்திரேலியாவைச் சுற்றும் நீண்டகால முகாம் பயணம்: செலவுத் திட்டமிடல்

ஆஸ்திரேலியாவில் பணி ஓய்வு பெற்ற பலர், காரின் பின்னால் காரவன் எனப்படும் இழுவை வீட்டை இணைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சொந்த நாட்டையே சுற்றி வருகின்றனர். இவர்கள் அங்கு ‘கிரே நோமேட்ஸ்’, அதாவது நரைத்த நாடோடிகள் எனப்படுகின்றனர். வீட்டை விற்றுவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ கிளம்புவோரும் உண்டு. அத்தகையோருக்குப் பாதி வழியில் பணம் தீர்ந்தால் திரும்பிச் சென்று தங்க இடம் இராது.

செலவைத் தீர்மானிப்பது நாட்களைவிடத் தூரமே. நாட்டைச் சுற்றிச் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 14,500 கி.மீ. நீளமுடையது. உலுரு போன்ற உள்நாட்டு இடங்கள் அதில் இல்லை. கிளைப் பயணங்களைச் சேர்த்து 20,000 கி.மீ. என்று கொள்வோம். காரவனை இழுக்கும் வண்டிக்கு 100 கி.மீ.க்கு 16 லிட்டர் டீசல் வேண்டுமெனில், மொத்தம் 3,200 லிட்டர் ஆகும். இதை 26 வாரங்களில் முடித்தால் வாரத்துக்குச் சுமார் 123 லிட்டர். 52 வாரங்களுக்கு நீட்டித்தால் 62 லிட்டர்தான். ஓய்வூதியம் இரு வாரத்துக்கு ஒருமுறை வருவதால், மெதுவாகச் செல்பவருக்கே கணக்கு கட்டுப்படியாகும். ஓரிடத்தில் ஒரு வாரம் தங்கினால் பல காரவன் பூங்காக்கள் வாடகையைக் குறைப்பதும் உண்டு.

சாலையோர ஓய்விடங்கள் சிலவற்றில் இலவசமாக இரவு தங்கலாம். பெரும்பாலும் கால வரம்பு உண்டு. தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, சூரிய மின்தகடு ஆகியவை இருந்தால் இத்தகைய இடங்கள் அதிகம் கைகொடுக்கும். ஆனால் அவற்றின் விலையை ஓரிரவு வாடகையால் வகுத்து, எத்தனை இரவுகளில் முதல் திரும்பும் என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

வடபகுதியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். வெள்ளத்தால் சாலைகள் மூடப்படும். அதனால் எல்லோரும் மே மாதத்துக்குப் பின் வடக்கே குவிய, புரூம், டார்வின் நகரங்களில் வாடகை ஏறிவிடுகிறது. நல்லர்பார் சமவெளியில் எரிபொருள் விலை அதிகம். அதைக் கடந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது பழங்களையும் காய்கறிகளையும் சோதனைச் சாவடியில் ஒப்படைத்துவிட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று முன்கூட்டியே நிறைய வாங்கினால் அத்தனையும் குப்பைத் தொட்டிக்குத்தான்.

நடைப்பயணத்துக்கும் பறவை பார்ப்பதற்கும் செலவு குறைவு. பவளத்திட்டுப் படகுப் பயணம், பங்கிள் பங்கிள் குன்றுகளின் மேல் விமானச் சுற்று போன்றவற்றில் இரண்டு மூன்றை மட்டும் முன்பே தேர்ந்து, தனியே பணம் ஒதுக்குவது நலம்.

பழுதுபார்ப்புக்கான தொகையை அன்றாடக் கணக்கோடு கலக்கக்கூடாது. வழித்துணைச் சேவைத் திட்டம் காரவனையும் சேர்த்து இழுத்துவருமா என்பதைப் புறப்படும் முன்பே படித்தறிய வேண்டும்; சில திட்டங்களில் கார் மட்டுமே அடங்கும்.