ஸ்கர்ட்டிங்: பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்வோம்



கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-25இல் தொடங்கியதிலிருந்து நம் குழு உறுப்பினர்கள் பலர் வீடு கட்டி வருகிறார்கள். அரசு தருவது ரூ.3.50 லட்சம். பற்றாததைக் குழுக் கடனில் சமாளிக்கிறோம். கும்மிடிப்பூண்டி பக்கத்தில் ஓர் உறுப்பினர் வீட்டுக்கு நாங்கள் போனபோது தரைவேலை நடந்துகொண்டிருந்தது. "மேடம், சுவர் அடியில ஒட்டுற பட்டை டைல்ஸ் வேணுமா, வேணாமா? கையில காசு தீர்ந்து போச்சு" என்று கேட்டார்.

அந்தப் பட்டைக்குத்தான் ஸ்கர்ட்டிங் என்று பெயர். நமக்கு இது புதுசு இல்லை. மண் வீட்டில் தரை மெழுகும்போது சுவரின் அடியிலும் ஒரு சாண் உயரத்துக்குச் சாணமோ செம்மண்ணோ இழுத்து விடுவோமே, அதே வேலைதான். தரை கழுவும் தண்ணீர் சுவர்ப் பூச்சை நனைக்காது. விளக்குமாறு பட்டு வெள்ளை உரியாது. தரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து அடைபடும். ஆகவே வேண்டும் என்றே சொன்னோம். ஆனால் டைல்ஸ்தான் வேண்டும் என்பதில்லை.

கையில் காசு குறைவு என்றால் சிமெண்ட் பட்டையே போதும். சிவப்பு ஆக்சைடு கலந்து, தரை போடும் கொத்தனாரே 4 அங்குல உயரத்துக்கு இழுத்துவிடுவார். ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்பு விழும். சமையல் இடம், குளியலறை வாசல் இரண்டுக்கும் மட்டும் டைல்ஸோ கடப்பா கல்லோ வைக்கலாம்.

கடையில் அழகழகான மரப்பட்டைகளும் காட்டுவார்கள். தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாத ஊர்களுக்கு அது சரி. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நனைந்தால் ஊதிவிடும், கரையானும் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

இதைவிட முக்கியமானது ஓதம். சுவரில் ஓதம் ஏறுகிறது, உப்பு பூக்கிறது, அதை மறைக்கத்தான் டைல்ஸ் ஒட்டுகிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். மறையும், நிற்காது. பட்டைக்குப் பின்னால் ஈரம் தங்கி, அதற்கு மேலே பூச்சு பொரிந்து கொட்டும். பழவேற்காடு பக்கம் நிலத்தடி நீரே உப்பு. அந்தத் தண்ணீரில் கலவை போட்டால் எந்தப் பட்டையும் காப்பாற்றாது. பேஸ்மட்டம் முடிந்து செங்கல் வைக்கும் முன்பே, ஈரம் ஏறாத மருந்து கலந்த சிமெண்ட் கலவையை ஒரு படுகையாகப் போடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நிற்பது நல்லது.

இனி கணக்கு. அறை 10க்கு 12 அடி. சுற்றளவு 44 அடி, வாசலுக்கு 3 அடி கழித்தால் 41 அடி. 2க்கு 2 அடி டைல் ஒன்றை 4 அங்குலப் பட்டைகளாக அறுத்தால் ஆறு பட்டை, அதாவது 12 அடி. (பிளேடு தின்பது போக உயரம் ஒரு நூல் குறையும், பரவாயில்லை.) ஆக ஓர் அறைக்கு நாலு டைல். ஒரு சகோதரியிடம் இதே அளவு அறைக்கு மூன்று பெட்டி வாங்கச் சொல்லியிருக்கிறார்கள்! மிஞ்சியது இன்னும் அவர் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. தரைக்கு வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.

கூலி ரன்னிங் அடிக்கணக்கில் தனியாகக் கேட்பார்கள். தரைக்கூலியில் சேர்ந்ததா, தனியா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சுவரோடு சமமாக டைல்ஸ் பதிய வேண்டுமானால் பூசும்போதே அடியில் 4 அங்குலம் பூசாமல் விடச் சொல்ல வேண்டும். பூசிய பிறகு ஒட்டினால் பட்டை வெளியே நீட்டிக்கொண்டு, லாரி ஓடும் சாலையோர வீடுகளில் தினமும் அதன் மேல் தூசி படியும். பீரோவும் சுவரோடு ஒட்டி நிற்காது.

கேள்வி கேட்ட சகோதரி அறைக்குச் சிவப்பு சிமெண்டும், சமையல் பக்கம் மிஞ்சிய டைல்ஸ் துண்டும் வைத்தார். அடுத்த கூட்டம் அவர் வீட்டில்தான். வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.