சபர்மதிக் கரையில் 11 கி.மீ. நடைபாதை: நிறைந்து நிற்கும் நீர் எங்கிருந்து வருகிறது?

அகமதாபாத்: வாகன நெரிசலுக்குப் பெயர்பெற்ற அகமதாபாத் நகரின் நடுவே, போக்குவரத்து சிக்னல்களின் குறுக்கீடு இல்லாமல் கிலோ மீட்டர் கணக்கில் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் ஓர் இடம் உண்டு. சபர்மதி ஆற்றின் இரு கரைகளிலும் அமைக்கப்பட்டுள்ள நடைபாதையே அது. இந்தியாவின் பல நகரங்கள் முன்மாதிரியாகக் கொள்ளும் இத்திட்டம் எவ்வாறு உருவானது, எவ்வாறு இயங்குகிறது, அதன் மறுபக்கம் என்ன என்பதை இங்கே காணலாம்.

இரண்டு தளங்கள்

அகமதாபாத் மாநகராட்சி 1997-ஆம் ஆண்டு சபர்மதி ஆற்றங்கரை மேம்பாட்டுக் கழகத்தை உருவாக்கியது. கட்டடக் கலைஞர் பிமல் படேலின் வடிவமைப்பில் 2005-இல் கட்டுமானப் பணிகள் தொடங்கின. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நடைபாதை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. முதல் கட்டத்தில் ஒவ்வொரு கரையிலும் சுமார் 11.5 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கரை சீரமைக்கப்பட்டது.

கரை இரண்டு தளங்களாக அமைந்துள்ளது. நீர்மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளம் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரியது. நகரின் பாலங்கள் இதற்கு மேலாகக் கடந்து செல்வதால், சாலைகளைக் குறுக்கே கடக்க வேண்டிய தேவை எழுவதில்லை. மேல்தளத்தில் பூங்காக்கள், சாலைகள், கண்காட்சித் திடல்கள் உள்ளன. ஜனவரி மாதத்தில் பட்டத் திருவிழாவும் மலர்க் கண்காட்சியும் இங்குதான் நடைபெறுகின்றன.

வடக்கிலிருந்து தெற்காக

மேற்குக் கரையின் வடபகுதியில் சுபாஷ் பாலத்தின் அருகே, மகாத்மா காந்தி 1917-இல் நிறுவிய சபர்மதி ஆசிரமம் உள்ளது. 1930-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று 78 தொண்டர்களுடன் தண்டி யாத்திரையை அவர் தொடங்கியது இங்கிருந்துதான். தெற்கு நோக்கிச் செல்லும்போது காந்தி பாலம், நேரு பாலம் ஆகியவற்றைக் கடந்து, 1892-இல் கட்டப்பட்ட எல்லிஸ் பாலத்தை அடையலாம். மேற்குக் கரையை ஒட்டிய ஆசிரமச் சாலையில், பிரெஞ்சு - சுவிஸ் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வடிவமைத்த ஆலை உரிமையாளர்கள் சங்கக் கட்டடம் ஆற்றை நோக்கி நிற்கிறது. எதிர்க்கரையில் 1411-இல் அகமது ஷா நிறுவிய பழைய நகரம் விரிகிறது. அது 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது.

எல்லிஸ் பாலத்துக்கும் சர்தார் பாலத்துக்கும் இடையே, சுமார் 300 மீட்டர் நீளமுள்ள அடல் நடைபாலம் 2022 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்டது. பட்டங்களை நினைவூட்டும் அதன் வண்ணக் கூரை, மாலை வேளையில் பெருங்கூட்டத்தை ஈர்க்கிறது.

கீழ்த்தளத்தின் பெரும்பகுதி கான்கிரீட்டால் ஆனது, நிழல் குறைவு. கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடப்பதால், நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே நடைக்கு ஏற்றது. பருவமழைக் காலத்தில் தரோய் அணையிலிருந்து அதிக நீர் திறக்கப்பட்டால் கீழ்த்தளம் நீரில் மூழ்கக்கூடும். அந்நாள்களில் அங்கு அனுமதி இராது.

நர்மதையின் நீர்

ராஜஸ்தானின் ஆரவல்லி மலைத்தொடரில் தோன்றி காம்பட் வளைகுடாவில் கலக்கும் சபர்மதி, மழையை நம்பிய ஆறு. நடைபாதை அமைவதற்கு முன்பு, ஆண்டின் பெரும்பகுதி நகருக்குள் மணல்வெளியாகவே அது காட்சியளித்தது. அந்த மணலில் காய்கறி பயிரிட்டோரும், துணி வெளுத்தோரும், சந்தை நடத்தியோரும் இருந்தனர்.

இன்று கரை தொட்டு நிற்கும் நீர், பெரும்பாலும் நர்மதை முதன்மைக் கால்வாயிலிருந்து சபர்மதிக்குள் திறந்துவிடப்படுவது. நகரின் தென்கோடியில் உள்ள வாஸ்னா தடுப்பணை அதைத் தேக்கி வைக்கிறது. சீரற்றிருந்த ஆற்றின் அகலம் சுமார் 263 மீட்டராகச் சீராக்கப்பட்டு, சுமார் 200 ஹெக்டேர் நிலம் மீட்கப்பட்டது. எனவே நடைபாதையில் செல்வோர் காண்பது, ஓடும் ஆற்றைவிட நீண்டதொரு நீர்த்தேக்கத்தையே. தடுப்பணையின் மதகுகளைப் பழுதுபார்க்க 2025 கோடையில் நீர் வெளியேற்றப்பட்டபோது ஆற்றுப்படுகை வெளியே தெரிந்தது. அப்போது அதில் சேர்ந்திருந்த குப்பைகளை அகற்றும் பணி நடைபெற்றது.

இடம்பெயர்ந்த குடும்பங்கள்

இந்த இயற்கைக் காட்சிக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. கரையோரக் குடிசைகளில் வாழ்ந்த 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. மறுவாழ்வு கோரிக் குடியிருப்பாளர்கள் 2005-இல் குஜராத் உயர் நீதிமன்றத்தை அணுகினர். அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவர்களுக்கு வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஆயினும் அவற்றுள் பல நகரின் புறப்பகுதிகளில் அமைந்ததால், வேலைத்தலங்களும் பள்ளிகளும் தொலைவாயின. எல்லிஸ் பாலத்தருகே ஞாயிறுதோறும் கூடிய பழம்பெரும் குஜரி சந்தைக்குப் புதிய கட்டமைப்பில் தனியிடம் வழங்கப்பட்டது.

தடுப்பணைக்குக் கீழே

கரைகளின் நெடுகிலும் பதிக்கப்பட்ட குழாய்கள், முன்பு ஆற்றில் நேரடியாகக் கலந்த கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திருப்பிவிடுகின்றன. ஆனால் வாஸ்னாவைத் தாண்டியதும் நகரின் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவுகளும் ஆற்றைச் சேருகின்றன. இந்த மாசு குறித்து குஜராத் உயர் நீதிமன்றம் 2021-இல் தாமாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையும் இதை உறுதிசெய்கிறது. நீரிலுள்ள கரிமக் கழிவின் அளவைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, குளிக்கத் தகுந்த நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சபர்மதியில் அது 292 மில்லிகிராமாகப் பதிவானது. நாட்டிலேயே இதைவிட மோசமான நிலையில் இருந்தது சென்னையின் கூவம் மட்டுமே. அங்கு பதிவானது 345 மில்லிகிராம்.

லக்னோவின் கோமதி, புனேயின் முலா - முட்டா எனப் பிற நகரங்களும் ஆற்றங்கரை மேம்பாட்டில் இறங்கியுள்ளன. நகரவாசிகளுக்குத் திறந்தவெளியும் பாதுகாப்பான நடைபாதையும் தேவை என்பதில் ஐயமில்லை. அதை அகமதாபாத் சாதித்துக் காட்டியுள்ளது. ஆனால் கரையைச் சீரமைப்பது வேறு, ஆற்றை மீட்பது வேறு. நகருக்குள் நிற்கும் நீரின் அழகைப் போலவே, நகரை விட்டு வெளியேறும் நீரின் தரமும் அளவுகோலாகும்போதுதான் இத்தகைய திட்டங்கள் முழுமை பெறும்.