பதர் ஏன் வருகிறது?

களத்தில் நெல்லைத் தூற்றுகிறார் காஞ்சீபுரம் விவசாயி. காற்றில் பறக்கிறதே, அது என்ன? பதர்! உமி இருக்கிறது, உள்ளே அரிசி இல்லை.

பூச்சியால் பதர் வரும். தண்ணீர் இல்லாவிட்டாலும் வரும். வெயிலாலும் வரும்! எப்படி?

ஊருக்குள் நெசவாளியின் தறியைப் பாருங்கள். மேலே ஜக்கார்டு அட்டைகள் இருக்கின்றன. அட்டையில் துளை இருந்தால் பாவு இழை எழும், இல்லாவிட்டால் எழாது. ஓர் அட்டை தவறினால் சேலையில் மயில் உருவம் கெட்டுவிடும்.

நெற்பயிரிலும் இப்படித்தான். அதன் ஒவ்வோர் உயிரணுவிலும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் உள்ளன. வேரில் சில வேலை செய்யும். இலையில் வேறு சில. பூவில் மகரந்தத் தூள் உருவாகும்போது, அதற்கென்றே சில மரபணுக்கள் விழிக்கின்றன. மகரந்தப் பையின் உட்சுவர், தாயைப் போலத் தூளுக்கு உணவு ஊட்டுகிறது. பிறகு தானே கரைந்து விடுகிறது. எப்போது ஊட்டுவது, எப்போது கரைவது என்று கட்டளையிடுவது மரபணுக்களே!

கடும் வெப்பம் இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. தூள் மலடாகிறது. நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினாலும் ஆபத்துதான். கோடையில் வளரும் சொர்ணவாரிப் பயிருக்கு இந்தக் கண்டம் உண்டு.

தப்ப வழி இருக்கிறதா? இருக்கிறது. 'நாகினா 22' என்ற நம் நாட்டு நெல் வெப்பத்தைத் தாங்கி மணி பிடிக்கிறது. நெல்லின் மரபணு வரைபடம் 2005-ம் ஆண்டு வெளிவந்தது. அந்தப் பணியில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. நாகினாவைக் காக்கும் மரபணுக்களை விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். அந்தக் குணம் நம் வயல் நெல்லுக்கும் வந்தால், வெயிலிலும் கதிர் தலை சாயும்!