நெளிந்த பெட்டியும் நேரிய விலையும்

திருகோணமலைப் பட்டினத்தின் அயலிலே அன்புவழிபுரம் என்றொரு குடியிருப்பு உண்டு. அங்கு வாழும் குடும்பத்தலைவி ஒருவரை நேயர்கள் தம் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. அவர் இரண்டாண்டு காலம் சீட்டுக் கட்டி 150,000 ரூபாய் சேர்த்திருக்கிறார். வீட்டிலே நீரிழிவு நோயுற்ற மாமியார் இருக்கிறார். அவருக்குரிய இன்சுலின் மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைத்தல் வேண்டும். ஆதலின் குளிர்சாதனப்பெட்டி அவ்வீட்டுக்கு ஆடம்பரப் பொருள் அன்று.

பட்டினத்துக் கடையிலே அவர் விரும்பிய பெட்டியின் விலை 160,000 ரூபாய். கைப்பணம் போதாது. அப்போது கடையின் மூலையில் அதே வகையைச் சேர்ந்த இரண்டு பெட்டிகள் அவர் கண்ணிற் படுகின்றன. ஒன்றின் பக்கச் சுவரில் ஆழ்ந்த நெளிவு; மற்றொன்றின் கதவுக் கீழ்மூலையில் சிறு நெளிவும் கீறலும்.

“தம்பி, இவற்றுக்கு என்ன விலை?”

“லொறியிலிருந்து இறக்கும்போது அடிபட்டவை, அம்மா. பக்கம் நெளிந்ததற்கு 25,000 ரூபாய் கழித்துத் தரலாம். கதவு நெளிந்ததற்கு 5,000 ரூபாய்தான் கழிக்கலாம். இரண்டிலும் வேறு பழுதில்லை.”

இவ்விரண்டில் எதனைக் கொள்வது? கூடிய கழிவு தரும் பெட்டியே நல்ல பேரம் என்று பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

அடிபட்ட பொருள்களை மலிவாக விற்பது உலகெங்கும் உள்ள வழக்கமாகும். அமெரிக்க நாட்டுப் பெரிய கடைகள் சில, கீறலும் நெளிவும் உற்ற சாதனங்களுக்கெனத் தனி இடமே ஒதுக்கி வைத்திருக்கின்றன. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு ரூபாயின் பெறுமதி வீழ்ந்து, இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறிய பின்னர், இத்தகைய பொருள்களை நாடுவோர்க்கு ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும் பெரிதாயிற்று. வணிகர்க்கும் இதில் நன்மை உண்டு. நெளிந்த பெட்டியைப் புதியதென முழுவிலைக்கு விற்க இயலாது. அது கடையின் இடத்தை அடைத்து நிற்கும்; அதில் இட்ட முதலும் முடங்கிக் கிடக்கும். ஆகவே, குறையுள்ள பொருளுக்கு விலைக்கழிவு கேட்பது இரந்து நிற்றல் ஆகாது, நாணப்படவேண்டியதும் இல்லை. ஆயினும், எதற்காகக் கழிவு கேட்கிறோம் என்பதை அறிந்து கேட்டல் வேண்டும்.

பழுதுகளை மூவகையாகப் பிரித்துக்கொள்ளலாம். தோற்றத்தை மட்டும் கெடுப்பது முதல்வகை. பொருளின் ஆயுளைக் குறைப்பது இரண்டாம்வகை. தொழிற்பாட்டையோ உயிரையோ பாதிப்பது மூன்றாம்வகை. முதல்வகைக்குச் சிறு கழிவு போதும். இரண்டாம்வகைக்குப் பெருங்கழிவு வேண்டும். மூன்றாம்வகைக்கு எக்கழிவும் ஈடாகாது.

இனி நம் குடும்பத்தலைவி கண்ட பெட்டிகளை நோக்குவோம். குளிர்சாதனப்பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளியே குளிரை உண்டாக்குகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் முற்காலப் பெட்டிகளில் முதுகுப்புறத்தே கம்பிவலைபோல் வெளிப்படையாகத் தெரிந்தன. இக்காலப் பெட்டிகள் பலவற்றில் அவை பக்கச் சுவர்களின் தகட்டுக்கு உட்புறத்தே மறைந்து கிடக்கின்றன. பெட்டி இயங்கும்போது பக்கச் சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இதனாலேயே. ஆகவே, பக்கச் சுவரில் விழுந்த ஆழ்ந்த அடி உள்ளே செல்லும் குழாயை நசுக்கியிருக்கலாம். அல்லது நுண்ணிய வெடிப்பை உண்டாக்கியிருக்கலாம். வாயு சிறிது சிறிதாகக் கசிந்தால், கடையிலே நன்றாகக் குளிர்ந்த பெட்டி சில மாதங்களில் குளிர்ச்சி இழக்கும். புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் வாயு தீப்பற்றக்கூடியது என்பதையும் மறத்தல் கூடாது. சுவரினுள் நுரைப்பொருள் நிரம்பியிருப்பதால், அங்குள்ள குழாயைச் செப்பனிடுதலும் எளிதன்று.

கதவின் நிலை வேறு. சாதாரணப் பெட்டியின் கதவினுள் அத்தகைய வாயுக் குழாய் இராது. அங்கே பார்க்கவேண்டியது, கதவு இறுக மூடுகிறதா என்பதே. ஒரு கடதாசித் துண்டைக் கதவின் இறப்பர் விளிம்பிடையே வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்க்கலாம். நாற்புறமும் அது பிடிப்போடு வந்தால் விளிம்பு நன்றாகப் பொருந்துகிறது எனக் கொள்ளலாம். ஓரிடத்திலே தடையின்றி நழுவி வந்தால் அவ்வழியே குளிர் வெளியேறும், மின்கட்டணமும் ஏறும்.

பெட்டியைக் கடையிலேயே இயக்கிக் காட்டும்படி கேட்டலும் நன்று. வீட்டுக்குக் கொண்டுசெல்லும்போது அதனை நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். படுக்கவைத்துக் கொண்டுவந்தால், இயந்திரத்திலுள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். அவ்வாறு நேர்ந்துவிட்டால், பெட்டியைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பின்னரே மின்னிணைப்புக் கொடுத்தல் வேண்டும்.

இவ்விடத்துத் திருகோணமலை வாசிகள் சிறப்பாகக் கருதவேண்டிய ஒன்று உண்டு. குடாவும் கடலும் சூழ்ந்த ஊரிலே காற்றோடு உப்பும் வருகிறது. வாடைக்காலத்தில் ஈரமும் அதனுடன் சேர்கிறது. உலர்ந்த உள்நாட்டில் வெறும் அழகுக்குறையாக நிற்கும் கீறல், இங்கே கறளுக்கு வாயிலாகிறது. பூச்சு உரிந்து இரும்புத் தகடு தெரிந்தால், கறள் அங்கே தொடங்கிப் பக்கத்துப் பூச்சின் அடியிலும் பரவும். ஆதலின், பூச்சு உடையாத நெளிவு முதல்வகைப் பழுது. பூச்சு உடைந்த நெளிவு நம் ஊரில் இரண்டாம்வகைப் பழுது. வாங்கியதும் அவ்விடத்தைத் துடைத்து, நுண்ணிய மண்கடதாசியால் தேய்த்து, கறள் தடுக்கும் அடிப்பூச்சும் மேற்பூச்சும் இடுதல் வேண்டும். அச்செலவைப் பேரத்திற் சேர்த்துக் கேட்பது நியாயமேயாகும்.

ஏனைய சாதனங்களுக்கும் இம்முறையே பொருந்தும். சோறு சமைக்கும் மின்பானையின் மூடியோ வெளிப்புறமோ நெளிந்திருந்தால் தாழ்வில்லை. உட்பானையின் அடி நெளிந்திருந்தால் அதனைத் தவிர்க்க. நீர் வற்றியதும் பானையின் அடி 100 பாகைக்கு மேல் சூடேறுகிறது. நடுவிலுள்ள உணர்கருவி அதனை அறிந்தே சமையலை நிறுத்துகிறது. அடி சமமாகப் படியாவிடின் சோறு கருகும், அல்லது வேகாது. கூரை மின்விசிறியின் ஓர் இறக்கை வளைந்திருந்தால் விசிறி ஆடும். இறக்கைகள் எடையொத்த தொகுதியாக அமைந்தவை என்பதால், ஒன்றை மட்டும் மாற்றுவது போதாது. கண்ணாடி மேற்றளமுடைய வாயு அடுப்பில் சிறு வெடிப்பு இருப்பினும் விலகுக. உறுதியேற்றிய கண்ணாடி ஒருநாள் முழுவதுமாக நொறுங்கக்கூடும். மின்வடம் சிதைந்ததும், தொட்டால் மின் உறைப்பதும், வெள்ளத்திலோ கடல்நீரிலோ நனைந்ததும் இலவசமாகக் கிடைத்தாலும் வீட்டிற்கு வேண்டாதவை.

இனி விலையைக் கணிக்கும் முறை. முதலாவது, பழுதில்லாத அதே பொருளின் உண்மையான ரொக்க விலையை இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தறிக. எவரும் கொடாத உயர்ந்த விலையிலிருந்து கழிப்பது கழிவு ஆகாது. இரண்டாவது, செப்பனிடும் செலவையும், பின்னர் விற்க நேரின் குறையும் பெறுமதியையும் கூட்டுக. மூன்றாவது, தவணைக் கணக்கில் ஏமாறாதிருக்க. 160,000 ரூபாய்ப் பெட்டியை 12,000 ரூபாய் கழித்து 148,000 ரூபாய்க்குத் தருவதாகக் கூறி, மாதம் 14,000 ரூபாயாக 12 தவணை கேட்டால், மொத்தம் 168,000 ரூபாய் ஆகிறது. பழுதற்ற பெட்டியின் ரொக்க விலையிலும் நெளிந்த பெட்டி 8,000 ரூபாய் கூடிவிட்டது! நான்காவது, பேரத்தைக் கடைச் சிப்பந்தியோடு பேசி அவரைச் சங்கடப்படுத்தாது, விலை குறைக்கும் அதிகாரமுடைய முதலாளியோடோ முகாமையாளரோடோ பேசுக.

நிற்க. இப்பேரத்தில் சட்டமும் மறைந்து நிற்கிறது. பண்டை உரோமாபுரியில் சந்தைகளை மேற்பார்வை செய்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் குறைகளை வெளிப்படக் கூறவேண்டும் என விதித்தனர். குறையை மறைத்து விற்றால் வாங்கியவர்க்கு இருவழிகள் இருந்தன: பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீளப் பெறலாம், அல்லது பொருளை வைத்துக்கொண்டு, குறையின் அளவுக்கு விலையைக் குறைப்பிக்கலாம். இக்கொள்கை உரோம டச்சுச் சட்டத்தின் வழியாக இலங்கைக்கும் வந்தது. பின்னர், 1893ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தைத் தழுவி, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இங்கு இயற்றப்பட்டது. அதன்படி, விவரணம் கொண்டு அத்தகைய பொருள்களை விற்கும் வணிகர் விற்பனைக்குரிய தரத்தில் அவற்றைத் தருதல் வேண்டும். எனினும், வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையிற் புலப்பட்டிருக்கவேண்டிய குறையைப் பற்றி அவ்விதியைக் காட்டிப் பின்னர் முறையிட முடியாது.

இதன் பயன் யாதெனின், கண்ட குறைக்கு உரிய பரிகாரத்தைப் பணம் கொடுக்கும் முன்னரே பெற்றுக்கொள்ள வேண்டும். காணாத குறைக்கு உரிய உரிமையையோ கைவிடலாகாது. “உள்ளது உள்ளபடியே விற்கப்பட்டது” என்று மட்டும் எழுதிய பற்றுச்சீட்டு, இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட இடமளிக்கும். கண்ட குறை இன்னதென இடமும் அளவும் குறித்து எழுதுவித்து, இயந்திரப் பகுதிக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் உண்டு என்பதையும் எழுதுவிக்க வேண்டும். உத்தரவாதப் பத்திரத்தில் திகதியும் கடை முத்திரையும் இருத்தல் வேண்டும். பின்னர் பிணக்கு நேர்ந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிடுதல் அவசியமாகும்.

மீண்டும் கடைக்கு வருவோம். இவற்றை அறிந்த நம் குடும்பத்தலைவி, 25,000 ரூபாய்க் கழிவை விட்டுவிட்டு, கதவு நெளிந்த பெட்டியின் அருகே நிற்கிறார். கடதாசி வைத்துப் பார்த்தாயிற்று, இயக்கியும் பார்த்தாயிற்று. முதலாளியை நோக்கிக் கூறுகிறார்:

“ஐயா, கீறலில் தகடு தெரிகிறது. நாங்கள் கடலோரத்தில் இருப்பவர்கள்; பூச்சிடாவிட்டால் கறள் பிடிக்கும். நான் முழுப் பணமும் இப்போதே தருகிறேன். 12,000 ரூபாய் கழித்து, நெளிவு இந்த மூலையில் மட்டும்தான் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தாருங்கள்.”

காரணத்தோடு கேட்ட கழிவை மறுப்பது நல்ல வணிகர்க்கு எளிதன்று. அவர் இசைந்தால் 148,000 ரூபாயில் பெட்டி வீடு சேரும். மிஞ்சிய 2,000 ரூபாய் பூச்சுக்கு உதவும். அவர் இசையாவிடின், மற்றொரு கடைக்குச் செல்லும் உரிமை அம்மையாருக்கு எப்போதும் உண்டு. எவ்வாறாயினும், மாமியாரின் மருந்து குளிர்ந்திருக்குமா என்ற ஐயத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு அவர் அன்புவழிபுரம் திரும்பமாட்டார்.