தாய்லாந்துச் சுற்றுலா: அச்சம் ஓரிடத்தில், ஆபத்து வேறிடத்தில்

வெளிநாட்டுச் சுற்றுலா என்பது ஒரு காலத்தில் வசதி படைத்தோருக்கு மாத்திரமே கைகூடும் காரியமாக இருந்தது. இன்று அந்நிலை பெரிதும் மாறியுள்ளது. கட்டுநாயக்கவிலிருந்து நான்கு மணித்தியாலத்துக்கும் குறைவான விமானப் பயணத்தில் சென்றடையக்கூடிய தாய்லாந்து, எமது நடுத்தரக் குடும்பங்களும் நாடிச் செல்லும் இடமாகிவிட்டது. புறக்கோட்டை ஆடை வியாபாரிகளுக்கும் பேருவளை இரத்தினக்கல் வணிகர்களுக்கும் பாங்கொக் நீண்டகாலமாகவே பழகிய நகரமாகும். 2019ஆம் ஆண்டில் தாய்லாந்துக்குச் சென்ற வெளிநாட்டவரின் தொகை ஏறத்தாழ 4 கோடியாகும். கொவிட் காலத்து வீழ்ச்சியின் பின்னர், 2024இல் அத்தொகை மீண்டும் 3 கோடி 50 இலட்சத்தை எட்டியது.

இத்தனை பேர் சென்று திரும்பும் நாடு பொதுவாகப் பாதுகாப்பானது என்றே கொள்ள வேண்டும். எனினும் பயணம் புறப்படுவோரின் மனதில் இருக்கும் அச்சம் ஓரிடத்திலும், உண்மையான ஆபத்து வேறிடத்திலும் இருப்பதே கவலைக்குரியது. 2004 டிசம்பர் 26இல் எமது கரைகளைத் தாக்கிய அதே ஆழிப்பேரலை தாய்லாந்தில் 5,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2015 ஆகஸ்ட் 17இல் பாங்கொக்கின் எரவான் ஆலய வளாகத்தில் வெடித்த குண்டு 20 பேரின் உயிரைப் பறித்தது. இவை நினைவில் நிற்பது இயல்பே. ஆயினும் இத்தகைய பேரழிவுகள் அரிதாகவே நிகழ்கின்றன. பயணிகளின் உயிருக்கும் உடைமைக்கும் நாள்தோறும் ஆபத்தாக அமைவன வீதி, கடல், வஞ்சகரின் இனிய பேச்சு, சட்டம் பற்றிய அறியாமை ஆகியவையே.

இவற்றுள் முதலிடம் வீதிக்கு உரியது. உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016ஆம் ஆண்டில் தாய்லாந்து வீதிகளில் ஒரு இலட்சம் பேருக்கு 32.7 பேர் என்ற விகிதத்தில் உயிரிழப்பு மதிப்பிடப்பட்டிருந்தது. இது அவ்வாண்டுக்கான இலங்கையின் விகிதத்தைப் போல் இரு மடங்குக்கும் அதிகமாகும். இறந்தோரில் நான்கில் மூன்று பங்கினர் வரை மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் பயணித்தோர் ஆவர். அங்கும் எம்மைப் போன்று இடப்பக்கமாகவே வாகனம் செலுத்துகின்றனர். ஆகவே புதிய இடம் என்ற எச்சரிக்கை உணர்வு எம்மவருக்கு எளிதில் அகன்றுவிடுகின்றது. புக்கெட், சமுய் போன்ற தீவுகளில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடுவோர் பலர் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்பதே இல்லை. ஆனால் விபத்து நேர்ந்தபின் பொலிஸாரும் காப்புறுதி நிறுவனமும் அதைக் கேட்கத் தவறுவதில்லை. மோட்டார் சைக்கிளுக்குச் செல்லுபடியாகும் சர்வதேச அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்கும் தலைக்கவசம் அணியாதவருக்கும் காப்புறுதிப் பணம் மறுக்கப்படுவது வழமையாகும். தனியார் வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்கான செலவு ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பை விழுங்கிவிடக்கூடும். வாகனத்தைச் செலுத்த உரிமை இல்லாதவர் வாடகைக் காரில் செல்வதே மலிவானது என்பதில் ஐயமில்லை.

அடுத்தது கடல். எமது தென்மேற்குக் கரையைக் கொந்தளிக்கச் செய்யும் அதே பருவக்காற்றுத்தான் மே முதல் ஒக்டோபர் வரை புக்கெட், கிராபி ஆகிய மேற்குக் கரைகளையும் தாக்குகின்றது. கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் உள்ள சமுய் தீவில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழை பெய்கின்றது. எமது மேல் கரைக்கும் கீழ் கரைக்கும் இடையிலான பருவ வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்குமாயின் நீரில் இறங்கலாகாது. உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைப்படையாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி அதிலிருந்து விலக வேண்டும். 2018 ஜூலை 5ஆம் திகதி வானிலை எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நிலையிலும் புறப்பட்ட படகொன்று புக்கெட் அருகே மூழ்கியதில் சீன நாட்டுப் பயணிகள் 47 பேர் உயிரிழந்தனர். முன்கூட்டிச் செலுத்திய பணம் வீணாகிவிடுமே என்ற எண்ணத்தில் படகில் ஏறுவோர் இச்சம்பவத்தை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏமாற்று வித்தைகள் பழையவையே, ஏமாறுவோர்தான் புதியவர்கள். பாங்கொக் அரண்மனையின் அருகே கண்ணியமாக உடையணிந்த ஒருவர், "இன்று அரண்மனை மூடப்பட்டுள்ளது" என்பார். குறைந்த கட்டணத்தில் நகரைச் சுற்றிக்காட்ட முச்சக்கர வண்டியொன்றும் தயாராக நிற்கும். அப்பயணம் இரத்தினக்கல் கடையொன்றில் சென்று முடியும். இலங்கை நீலக்கற்கள் தாய்லாந்தின் சந்தபுரிக்குச் சென்று சூடேற்றி மெருகூட்டப்படுவதை அறிந்த எமது வணிகர்கள் இவ்வலையில் எளிதில் வீழமாட்டார்கள். ஆனால் ஊரில் விற்று இலாபமீட்டலாம் என்ற வார்த்தையை நம்பிய ஏனைய பயணிகள் பெறுமதியற்ற கற்களுக்குப் பெருந்தொகையைக் கொடுத்துள்ளனர்.

கடற்கரைகளில் நீர் ஸ்கூட்டர்களை வாடகைக்கு விடுவோரில் சிலர், முன்பே இருந்த கீறலைக் காட்டி நட்டஈடு கோருவதும் உண்டு. இதற்குப் பிணையாக அமைவது பெரும்பாலும் பயணியின் கடவுச்சீட்டே. ஆகவே எந்த வாடகைக்கும் கடவுச்சீட்டை ஈடாக வைக்கலாகாது. எதையும் பொறுப்பேற்குமுன் அதன் எல்லாப் பக்கங்களையும் கையடக்கத் தொலைபேசியில் படம்பிடித்துக் கொள்வதும் நன்று.

அந்நாட்டுச் சட்டங்கள் சில எம்மவருக்குப் புதியவை. மன்னரையும் அரச குடும்பத்தின் முக்கிய உறுப்பினரையும் இழிவுபடுத்தினால், குற்றவியல் சட்டத்தின் 112ஆவது பிரிவின் கீழ் 3 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். சமூக வலைத்தளப் பதிவொன்றும் இதற்குப் போதுமானது. இலத்திரனியல் சிகரெட் இறக்குமதி 2014இலேயே தடைசெய்யப்பட்டது. கஞ்சா 2022இல் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாயினும், 2025 ஜூனில் வைத்தியரின் சிட்டையுடன் மட்டுமே பெறக்கூடியதாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதனை இலங்கைக்குக் கொண்டுவருவது பாரிய குற்றம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முன்பின் அறியாதவர் தரும் பொதியைச் சுமந்து வருவதும் அவ்வாறானதே.

முஸ்லிம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. மலாய் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பத்தானி, யாலா, நராதிவாத் ஆகிய தென் மாகாணங்களில் 2004 முதல் தொடரும் ஆயுதப் போராட்டம் 7,000க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்துள்ளது. பத்தானியின் தொன்மையான குருசே பள்ளிவாசலைக் காண ஆவல் எழலாம். ஆனால் அதே பள்ளிவாசலில் 2004 ஏப்ரலில் 32 பேர் கொல்லப்பட்டனர். குண்டுக்கு மதம் தெரியாது. மலேசியாவிலிருந்து தரைவழியாகச் செல்வோர், நராதிவாத்தின் சுங்கை கோலோக் எல்லையைத் தவிர்த்து, மேற்கே பாடாங் பெசார் வழியாக ஹட்யாய் செல்வதே உகந்தது. கம்போடிய எல்லையிலும் 2025இல் இராணுவ மோதல்கள் வெடித்தமையால் அப்பகுதிக்குச் செல்லுமுன் நிலைமையை விசாரித்தறிவது அவசியமாகும்.

இவை அனைத்திலும் கொடியது, சுற்றுலாப் பயணி என்ற பெயரில் அழைத்துச் செல்லப்படும் இளைஞர்களுக்குக் காத்திருக்கும் பொறியாகும். கணினி தெரிந்தவர்களுக்கு உயர் சம்பளத்தில் வேலை என்று பாங்கொக் வரை அழைத்து, அங்கிருந்து மே சொட் எல்லை நகருக்குக் கொண்டுசென்று, ஆற்றைக் கடத்தி மியன்மாரின் மியாவாடியில் உள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கின்றனர். அங்கே கடவுச்சீட்டு பறிக்கப்படுகின்றது. மறுப்போர் சித்திரவதைக்கு உள்ளாகின்றனர். மியன்மாரில் குறைந்தது 120,000 பேர் இவ்வாறு பலவந்தப்படுத்தப்பட்டிருக்கலாம் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் அலுவலகம் 2023இல் தெரிவித்தது. 2025 ஜனவரியில் திரைப்பட வாய்ப்பை நம்பிச் சென்ற சீன நடிகர் வாங் சிங் இம்முகாம்களில் ஒன்றிலிருந்தே மீட்கப்பட்டார். இலங்கை இளைஞர்கள் பலரும் 2023இன் பின்னர் இவ்வாறு சிக்கி, இராஜதந்திர முயற்சிகளால் மீட்கப்பட்டுள்ளனர்.

பொருளாதார நெருக்கடியில் தவிக்கும் ஒரு குடும்பம் தனது பிள்ளையின் பயணத்துக்காக நகையை அடகு வைக்குமுன் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சுற்றுலா அனுமதியில் சென்று தொழில் புரிவது சட்டவிரோதம். முறையான தொழில் வழங்குநர் எவரும் அவ்வாறு வரச் சொல்லமாட்டார். வேலைவாய்ப்பு முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்தறிய முடியும்.

புறப்படுமுன் ஆயத்தம் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். கடவுச்சீட்டின் பிரதியொன்றை வேறாகவும் இன்னொன்றை வீட்டிலும் வைத்தல், தங்குமிட விபரத்தை உறவினரிடம் கொடுத்தல், காப்புறுதிப் பத்திரத்தின் விலக்குகளை வாசித்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். சுற்றுலாப் பொலிஸாரின் 1155, பொலிஸாரின் 191, அம்பியூலன்ஸின் 1669 ஆகிய இலக்கங்களையும் பாங்கொக்கிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தையும் தாளொன்றில் எழுதி வைத்திருப்பது நன்று. தொலைபேசி களவு போனால் அதிலுள்ள இலக்கங்களும் போய்விடும். அஞ்சிப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அறிந்தவரே அச்சமின்றிச் சென்று திரும்ப முடியும்.