வெட்டும் இடம் சொல்லும் குட்டி ஆர்.என்.ஏ.க்கள்

பெங்களூரின் அல்சூர் பேக்கரிகளில் ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட், அதே ஊரின் ‘டாடா இன்ஸ்டிடியூட்’டில், அதாவது இந்திய அறிவியல் கழகத்தில், ஆய்வுப் பொருளாகவும் இருக்கிறது. அங்கே பேராசிரியர் உஷா விஜயராகவன் இந்த ஈஸ்ட்டை வைத்து நெடுநாள் ஆராய்ந்த கேள்வி இது: மரபணுவின் நகலிலிருந்து வேண்டாத பகுதியை செல் எப்படித் துல்லியமாக வெட்டியெடுக்கிறது?

பல மரபணுக்களில் புரதத்துக்கான செய்தி ஒரே தொடராக இருப்பதில்லை. நடுநடுவே ‘இன்ட்ரான்’ என்னும் துண்டுகள் குறுக்கிடும். 1977இல் இதைக் கண்டுபிடித்ததற்காக ரிச்சர்ட் ராபர்ட்ஸுக்கும் ஃபிலிப் ஷார்ப்புக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. மரபணு முதலில், ஏ, யு, ஜி, சி என்னும் வேதி ‘எழுத்து’களாலான ஆர்.என்.ஏ.வாக நகலாகும். அந்த நகலில் இன்ட்ரான்களை நீக்கி, மீதியை ஒட்டிய பிறகே புரதம் தயாராகும். ஓர் எழுத்து தள்ளி வெட்டினாலும் அதற்குப் பின்வரும் செய்தி முழுக்கக் குளறுபடிதான்.

இந்த வேலையைச் செய்வது ‘ஸ்ப்ளைசோசோம்’. யு1, யு2, யு4, யு5, யு6 என்ற ஐந்து குட்டி ஆர்.என்.ஏ.க்களும் ஏராளமான புரதங்களும் சேர்ந்தது அது. இந்த ஐந்தும் எந்தப் புரதத்துக்கும் செய்முறை சொல்வதில்லை. தாமே இறங்கி வேலை செய்கின்றன. மனித யு1இன் நீளம் 164 எழுத்து. அதன் முனை, இன்ட்ரானின் தொடக்கத்தோடு ஜோடி சேரும்: ஜிக்கு சி, ஏக்கு யு. ஜோடி பொருந்திய இடம்தான் வெட்ட வேண்டிய இடம். யு2, இன்ட்ரானின் மறுமுனைக்கு அருகிலுள்ள இன்னோரிடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மற்ற மூன்றும் வந்து சேர, யு1உம் யு4உம் விலகிவிடும். வெட்டும் வேதிவினையை நடத்துவது புரதமல்ல, யு6தான் என்பது 2013இல் உறுதியானது.

புரதங்களின் பங்கை அறியத்தான் ஈஸ்ட் உதவியது. சூடு கூடினால் வெட்டும் வேலை தடைபடும் ஈஸ்ட் வகைகளை, அமெரிக்காவில் ஜான் ஏபல்சனின் ஆய்வகத்தில் இருந்தபோது உஷா பிரித்தெடுத்தார். 1989இல் அது வெளியானது. எந்த மரபணு பழுதானால் வேலை கெடுகிறது என்று பார்த்தால், அந்த வேலைக்கு யார் தேவை என்பது தெரிந்துவிடும். பெங்களூரில் அவர் ஆராய்ந்த பிஆர்பி17, ஸ்லு7 ஆகிய புரதங்கள், இன்ட்ரானை நீக்கி இருபுறமும் ஒட்டும் இரண்டாம் கட்டத்துக்கு உதவுபவை.

யு1இன் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இந்தியாவில் பீட்டா தலசீமியா என்னும் பரம்பரை ரத்தநோய்க்கு மிகுதியாகக் காரணமான பிறழ்வு ஒரே ஓர் எழுத்து மாற்றம். ஹீமோகுளோபினின் பீட்டா மரபணுவில் முதல் இன்ட்ரானுக்கு 130 எழுத்துகள். அதில் 5ஆவது எழுத்து ஜி. அது சி ஆகிவிடுகிறது. எதிரே யு1இல் நிற்பதும் சி என்பதால் ஜோடி சேராது. பல நகல்கள் தப்பான இடத்தில் வெட்டுப்பட்டு, ஹீமோகுளோபின் குறைகிறது.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தப் பிறழ்வு வந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது. இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடும் தலசீமியா வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஹீமோகுளோபின் ஏ2 அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில், இப்படிப் பிறழ்வைச் சுமப்பவரைக் கண்டுபிடித்துவிடலாம். ஜாதகம் பார்க்கிறவர்களும் பார்க்காதவர்களும், கல்யாணத்துக்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.