படம் காட்டாததைக் குரல் சொல்லட்டும்

கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் பயிலும் நம் பிள்ளைகள் பலருக்கு இக்காலத்தில் வீடியோப் படம் ஒன்று எடுத்து வரும்படி பணி தரப்படுகின்றது. திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துப் பிள்ளைகளாயின், எதைப் படமாக்குவது என்று நெடுநேரம் யோசிக்க வேண்டுவதில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கிய நாள்முதல், ஏரியும் வயலுமாய் இருந்த அப்பகுதி ஆலைகளின் நாடாக மாறிவிட்டது. படம் பிடிக்கக் கைப்பேசி போதும். பிடித்த படத்திற்குக் குரலும் இசையும் சேர்க்க அமரும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது.

நாம் காண நேர்ந்த மாணவர் படங்கள் பலவற்றில் திரையில் பேருந்து வரும்; “பேருந்து வருகின்றது” என்று பின்னணிக் குரல் அறிவிக்கும். பெண்கள் இறங்குவார்கள், “பெண்கள் இறங்குகின்றனர்” என்று மீண்டும் அறிவிக்கும். வானொலியில் கிரிக்கெட் வர்ணனை செய்பவர் இவ்வாறு பேசினால் அது அவர் கடமை. கண்ணால் காண்போருக்கு இவ்வுதவி எதற்கு? கண்ணுக்கு எட்டாததைச் சொல்வதற்கே பின்னணிக் குரல் தேவைப்படுகின்றது.

அவ்வாறு எட்டாதது ஒரகடம் சாலையில் ஏராளம். ஆலை வாயிலோடு மாணவனின் கேமரா நின்றுவிடும். உள்ளே செல்ல அதற்கு அனுமதி இல்லை. எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை செய்யும் பெண்ணின் கால்வலியைச் சுற்றுச்சுவரைக் காட்டிப் புரியவைக்க இயலாது. விடுதி அறையில் எத்தனை பேர் முறைவைத்து உறங்குகின்றனர் என்பதும், ஊருக்குப் பணம் அனுப்பிய பின் கையில் என்ன எஞ்சுகின்றது என்பதும் அப்படியே. விடுதி உணவால் தம் தோழியர் பலர் நோயுற்றதைக் கண்டித்து, 2021 டிசம்பரில் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்த பின்னரே, அவ்விடுதிகளுக்குள் வாழ்க்கை எப்படி என்று நாட்டில் பலர் கேட்கத் தொடங்கினர். அதுவரை அவர்களை ஏற்றிச் சென்ற பேருந்துகளைப் பார்க்காதவர் இல்லை.

படத்துண்டுகளைச் சொல்லால் இணைப்பதற்கு நம் தமிழரே ஒருவர் வழிகாட்டியிருக்கிறார். கோட்டையூர் ஏ. கே. செட்டியார் 1937-இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்கையில், காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுக்க எண்ணங்கொண்டார். அப்போது அவர் இளைஞர்தான். பல நாடுகளில் அலைந்து, பிறர் எடுத்துவைத்த சுருள்களாக ஏறத்தாழ 50,000 அடி சேர்த்தார். அவற்றுட் பல பேசாப் படக் காலத்தவை. யார் எங்கே எதற்காக நிற்கிறார் என்பதை அச்சுருள்கள் தாமே சொல்லமாட்டா. தமிழ் வர்ணனையோடு 1940 ஆகஸ்டில் வெளிவந்தபோது, சிதறிக் கிடந்த அத்துண்டுகள் ஒரு வாழ்க்கை வரலாறாயின.

ஆயினும் செட்டியார் காலத்திலும் வேறொரு வழி பிறந்திருந்தது. 1935-இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ என்னும் படத்தில், இலண்டன் சேரிவாசிகள் தங்கள் வீட்டின் சீர்கேட்டைத் தாங்களே கேமராவை நோக்கிச் சொன்னார்கள். நம் மாணவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பது எம் கருத்து. தொழிலாளியான ஓர் அக்கா தன் சொந்தப் பேச்சில், இடையிடையே இந்திச் சொல்லோ ஒடியாச் சொல்லோ கலந்து சொல்வதை, மேடைத்தமிழால் மூடிவிடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். முகத்தை மறைத்தாலும் குரலைக் கொண்டு ஆளை அடையாளம் காணலாம். ஒப்பந்த வேலை செய்பவருக்கு அதனால் வேலையே போகலாம். அவர் அஞ்சினால், சொன்னவற்றை எழுதிக்கொண்டு, ஊரும் பிரிவும் தெரியாதபடி நீக்கிவிட்டு, மாணவி ஒருத்தி நிதானமாகப் படிக்கட்டும். அழுகைத் தொனி வேண்டா. படிப்பது இன்னொருவர் என்பதையும் படத்தில் சொல்லிவிட வேண்டும்.

குரலைப் பதிவு செய்யப் பெரிய கூடம் தேவையில்லை. மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களை மூடி, துணிகள் தொங்கும் அலமாரிக்கு எதிரே அமர்ந்தால் எதிரொலி அடங்கும். கைப்பேசி வாய்க்கு நேராக இராமல், ஒரு சாண் தொலைவில் சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். ‘ப’கர ஒலியின் மூச்சு அதில் மோதாது. நெடுஞ்சாலை லாரிகள் ஓரளவு ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பேசாமல் அரை நிமிடம் அறையின் அமைதியையும் பதிந்து வைத்தால், வெட்டி ஒட்டும் இடங்களை நிரப்ப அது உதவும். எழுதியதைக் கடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்தால், ஐந்து நிமிடப் படத்திற்குப் பத்து நிமிட உரை எழுதியிருப்பது பெரும்பாலும் தெரியவரும். பாதியை அடித்துவிடலாம்.

இசை விஷயத்தில் எமக்குச் சற்றுப் பிடிவாதம் உண்டு. களைத்த முகம் தோன்றியதும் சோகக் குழலை ஊதவிடும் வழக்கத்தை நாம் விரும்புவதில்லை. இரக்கப்படு என்று பார்ப்பவரின் தோளைப் பிடித்து உலுக்குவது போன்றது அது. சினிமாப் பாட்டைச் சேர்ப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கல்வி நிலையத்துக்குள் நடைபெறும் நிகழ்ச்சிகளுக்குச் சில சலுகைகள் தருகின்றது; யூடியூபில் ஏற்றினால் அச்சலுகை துணைக்கு வராது. ஞானப் பாடல் ஒலிப்பதிவுகளுக்கும் உரிமையாளர் உண்டு என்பதைப் பங்கு இளைஞர்கள் மறந்துவிடுகின்றனர்! பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பையன் தானே இயற்றிய நான்கு சுரங்கள் இதைவிட மேல். குரல் எழும்போது இசை நன்றாகத் தணியவேண்டும்; பல இடங்களில் அது இல்லாமலே இருக்கலாம்.

ஏனெனில், அவ்வட்டாரத்திற்கென்றே ஓர் ஒலி இருக்கின்றது. விடியுமுன் வரிசையாய் வந்து நிற்கும் கம்பெனிப் பேருந்துகளின் உறுமல், வாயிலில் அடையாள அட்டையைக் காட்டும்போது எழும் ‘பீப்’ ஓசை, தேநீர்க் கடையில் கலக்கும் மூன்று மொழிகள் ஆகியவற்றைத் தனியே பதிந்து குரலின் அடியில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

படம் முடிந்ததும் ஆசிரியரிடம் கொடுக்குமுன், பேசிய அக்காவிடம் காதொலிக்கருவியைக் கொடுத்து முழுவதையும் கேட்கச் சொல்லவேண்டும். அவர் எடுத்துவிடச் சொல்லும் வரியை எடுத்துவிட்டு, அதன் பிறகே மதிப்பெண்ணுக்கு அனுப்பவேண்டும்.